டிராயருக்குள்ளே போன ரிசல்ட்டுகள்

அட்மிஷன் சீசன் வந்தால் இன்ஜினியரிங் காலேஜ் வாசல்களில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் தொங்கும். வரிசையாகப் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே கம்பெனி பேர், பேக்கேஜ். அந்தப் பேனரில் இருக்கிற ஒரு வரிகூடப் பொய்யாக இருக்காது. ஆனா அந்த பேட்ச்ல மொத்தம் எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஆஃபரே வரலை என்பது மட்டும் அதில் இருக்காது. பேனரை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற ஒரு அப்பாவுக்கு, இங்கே சேர்ந்தா வேலை நிச்சயம்னுதான் தோணும். உண்மைகளை மட்டுமே சொல்லி ஒருத்தரைத் தப்பான முடிவுக்குக் கொண்டுபோக முடியும் என்பதற்கு இதைவிட நமக்குப் பழக்கமான உதாரணம் கிடையாது.

இதே விஷயம் மருத்துவ ஆய்விலும் நடக்குது. அங்கே இதுக்குப் பேர் ரிப்போர்ட்டிங் பயாஸ். நல்லா வந்த முடிவுகள் ஜர்னலில் வெளியாகும், சரியா வராத முடிவுகள் வெளியே வராது, அல்லது மேக்கப் போட்டுக்கிட்டு வரும். இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கிட்டது ஒரே ஒரு துறை: மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் உளவியல் சிகிச்சை, அதாவது நாம சாதாரணமா 'தெரபி'ன்னு சொல்றது.

ஏன் இந்தத் துறை? நம்ம ஹாஸ்டல்களில் மனச்சோர்வு புதுசில்லை. "ஒரு தெரபிஸ்ட்டைப் பாரு, சரியாயிடும்" என்ற அறிவுரையும் இப்போ புதுசில்லை. நல்ல அறிவுரைதான். ஆனா அந்த 'சரியாயிடும்' என்ற வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற எண் எவ்வளவு நம்பகமானது என்று கேட்கவும் வேண்டும். ஏன் கேட்கணும்னு கடைசியில் சொல்றேன்.

டிராயர் பிரச்சினை

1959-லேயே தியோடர் ஸ்டெர்லிங் என்பவர் நான்கு உளவியல் ஜர்னல்களை எடுத்து ஒரு கணக்குப் போட்டார். புள்ளியியல் சோதனை செய்த கட்டுரைகளில் சுமார் 97 சதவீதம், தாங்கள் எதிர்பார்த்த வித்தியாசம் கிடைத்ததாகச் சொல்லியிருந்தன. உலகத்தில் உள்ள உளவியலாளர்கள் எல்லாரும் 97 சதவீதம் சரியாகவே யூகிக்கிறார்கள் என்று நம்புவது கஷ்டம். தோற்றுப்போன ஆய்வுகள் ஜர்னல் வரைக்கும் வந்து சேரலை என்பதுதான் எளிமையான விளக்கம்.

1979-ல் ராபர்ட் ரோசென்தால் இதற்கு ஒரு பேர் வைத்தார்: ஃபைல் டிராயர் பிரச்சினை. ஜெயிச்ச ஆய்வு ஜர்னலுக்குப் போகும், தோற்ற ஆய்வு மேசை டிராயருக்குள் போகும்.

இதில் யாரும் திட்டம் போட்டு ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனிங்க. மூணு வருஷம் ஆய்வு பண்ணி 'வித்தியாசம் எதுவும் இல்லை' என்று முடிவு வந்தால், அதை எழுதி அனுப்ப ஆய்வாளருக்கே உற்சாகம் இருக்காது. அனுப்பினாலும் எடிட்டர் 'இதுல புதுசா என்ன இருக்கு' என்று திருப்பி அனுப்பலாம். அதுக்குள்ள அடுத்த புராஜெக்ட் தொடங்கியிருக்கும். டிராயர் தானாகவே நிரம்பும்.

பத்து வரி கோடில் பார்த்துடலாம்

இது எவ்வளவு பெரிய பாதிப்பை உண்டாக்கும்? நாம இன்ஜினியர்கள், சிமுலேட் பண்ணியே பார்க்கலாம். அதற்கு முன் ஒரு சொல் தெரியணும்: எஃபெக்ட் சைஸ். சிகிச்சை பெற்ற குழுவின் சராசரிக்கும் பெறாத குழுவின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை, ஸ்டாண்டர்ட் டீவியேஷனால் வகுத்தால் வருவது. 0 என்றால் பலனே இல்லை. 0.2 சின்னது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்று ஒரு தோராயமான வழக்கம் உண்டு.

ஒரு சிகிச்சையின் உண்மையான எஃபெக்ட் சைஸ் 0.2 என்று வச்சுக்குங்க. குழுவுக்கு 30 பேர், மொத்தம் 60 பேர் கொண்ட ஆய்வை 1000 தடவை பைத்தானில் ஓட்டுங்க. ஒவ்வொரு தடவையும் டி-டெஸ்ட் செய்து, பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்து, சிகிச்சைக்குச் சாதகமாகவும் இருக்கிற ஆய்வுகளை மட்டும் 'பப்ளிஷ்' பண்ணுங்க. மீதியை டிராயரில் போடுங்க.

சுமார் 110-லிருந்து 120 ஆய்வுகள் தேறும். தேறியவற்றின் சராசரி எஃபெக்ட் சைஸை எடுத்தால் 0.65 பக்கத்தில் நிற்கும். உண்மை 0.2, ஜர்னல் காட்டுவது 0.65. ஒரு டேட்டா பாயின்ட்டைக்கூட யாரும் மாத்தலை. ஃபில்டர் மட்டும் போட்டோம், மூணு மடங்குக்கு மேல ஏறிடுச்சு.

காரணம் சிம்பிள். 30 பேர் கொண்ட குழுவில் பி மதிப்பு அந்த வேலியைத் தாண்டணும்னா எஃபெக்ட் சைஸ் கிட்டத்தட்ட 0.52-க்கு மேல வந்தாகணும். அதாவது தற்செயலாக உண்மையைவிட ரொம்ப மேலே குதித்த ஆய்வுகள் மட்டும்தான் வேலியைத் தாண்டும். அதே கோடில் 30-க்குப் பதிலா 300 போட்டுப் பாருங்க. பப்ளிஷ் ஆனவற்றின் சராசரி 0.24 அளவுக்கு இறங்கிடும். சின்ன ஆய்வுகள் அதிகம் உள்ள துறைகளில் இந்த வீக்கம் மோசமா இருக்கும் என்பது இதிலிருந்து புரியும். உளவியல் சிகிச்சை ஆய்வுகளில் பலவும் சின்ன ஆய்வுகள்தான்.

முதலில் மாட்டியது மாத்திரைகள்

அமெரிக்காவில் ஒரு மருந்தை விற்க எஃப்.டி.ஏ. அனுமதி வேணும். அதற்காகக் கம்பெனிகள் தங்கள் சோதனைகளை முன்கூட்டியே அங்கே பதிவு செய்து, முடிவுகளையும் கொடுக்கணும். நல்லா வந்ததும் சரி, வராததும் சரி. ஆக, ஜர்னலில் என்ன வந்தது என்பதோடு ஒப்பிட ஒரு முழுப் பட்டியல் அரசாங்கத்தின் கையில் இருந்தது.

எஃப்.டி.ஏ.வில் முன்பு மதிப்பீட்டாளராக வேலை பார்த்த எரிக் டர்னரும் அவருடைய குழுவும் 2008-ல் அந்த ஒப்பீட்டைச் செய்தார்கள். 12 மனச்சோர்வு மருந்துகள், 74 சோதனைகள். எஃப்.டி.ஏ. கணக்குப்படி அதில் 38 வெற்றி, 36 தோல்வி அல்லது சந்தேகத்துக்கு இடமானவை. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

வெற்றி பெற்ற 38-ல் 37 ஜர்னலில் வந்தன. மற்ற 36-ல் 22 வெளியாகவே இல்லை. 11 வெளியாயின, ஆனா வெற்றி மாதிரி எழுதப்பட்டு. உள்ளதை உள்ளபடி சொன்னவை வெறும் 3. ஜர்னல்களை மட்டும் படிக்கிற ஒரு டாக்டருக்கு 94 சதவீதம் சோதனைகள் வெற்றி என்று தெரியும். உண்மையில் 51 சதவீதம்.

இந்தக் கட்டுரை வந்தபோது, "பார்த்தீங்களா, மருந்துக் கம்பெனி காசுக்காகச் செய்யுது, தெரபியில் இந்தப் பிரச்சினை இருக்காது" என்று நினைக்கிறது சுலபம். தெரபியை யாரும் பாட்டிலில் அடைத்து விற்பதில்லையே.

தெரபிக்குப் பட்டியல் ஏது?

சிக்கல் என்னன்னா, தெரபிக்கு எஃப்.டி.ஏ. அனுமதி தேவையில்லை. அதனால் எந்த அலுவலகத்திலும் முழுப் பட்டியல் கிடையாது. டிராயருக்குள் என்ன இருக்குன்னு தெரியணும்னா முதலில் டிராயர் எங்கே இருக்குன்னு தெரியணும்.

2010-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த பிம் கைப்பர்ஸ் குழு மறைமுகமான ஒரு வழியில் முயற்சி செய்தது. 117 ஆய்வுகளை எடுத்து, எஃபெக்ட் சைஸை ஒரு அச்சிலும் ஆய்வின் துல்லியத்தை இன்னொரு அச்சிலும் வைத்தார்கள். பயாஸ் இல்லைன்னா புள்ளிகள் தலைகீழாக வைத்த புனல் மாதிரி, இரண்டு பக்கமும் சமமாக விழணும். பெரிய ஆய்வுகள் உச்சியில் குறுகலாக, சின்ன ஆய்வுகள் கீழே அகலமாக. ஆனா புனலின் ஒரு பக்கம், அதாவது 'பலன் குறைவு' என்று காட்டும் சின்ன ஆய்வுகள் இருக்க வேண்டிய இடம், காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தை நிரப்ப 51 ஆய்வுகள் தேவை என்று கணக்கு சொன்னது. அப்படி நிரப்பினால் சராசரி எஃபெக்ட் சைஸ் 0.67-லிருந்து 0.42-க்கு இறங்கியது.

இது நல்ல துப்பு. ஆனா சாட்சி இல்லை. அந்த 51-ம் கணக்கில் உருவானவை. யாரும் கண்ணால் பார்த்த ஆய்வுகள் அல்ல.

காசு போன வழியில் தேடினாங்க

2015-ல் எலன் டிரீசன், ஸ்டீவன் ஹாலன், கைப்பர்ஸ், டர்னர் ஆகியோர் கொண்ட குழு ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தது. ஆய்வு பப்ளிஷ் ஆகாமல் போகலாம். ஆனா அதற்குக் கொடுத்த பணத்துக்கு ரெக்கார்டு இருக்கும் இல்லையா? அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். 1972 முதல் 2008 வரை மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சைச் சோதனைகளுக்குக் கொடுத்த நிதிகளைத் தேடி எடுத்தார்கள். தொடங்கப்பட்ட சோதனைகள் 55. அதில் 13-க்கு, அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒன்றுக்கு, முடிவுகள் எங்கேயும் வெளியாகவில்லை.

அடுத்து, வெளியாகாத ஆய்வுகளைச் செய்தவர்களைத் தொடர்பு கொண்டு தரவைக் கேட்டார்கள். சிகிச்சையைக் கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்ட இடங்களில் கிடைத்தது இது:

வெளியான ஆய்வுகளின் எஃபெக்ட் சைஸ் 0.52. டிராயரில் கிடந்தவற்றின் எஃபெக்ட் சைஸ் 0.20. இரண்டையும் சேர்த்தால் 0.39. அதாவது நாம நம்பிக்கொண்டிருந்த பலனில் கால் பங்கு காற்றுதான்.

டிராயரிலிருந்து கிடைத்த ஒப்பீடுகள் ஆறுதான் என்பதால் 25 சதவீதம் என்ற எண்ணைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்க வேண்டாம். ஆனா திசை தெளிவு. இன்னொன்றும் கவனிங்க. ஹாலனும் கைப்பர்ஸும் தெரபிக்கு எதிரானவர்கள் இல்லை. வாழ்நாள் முழுக்க அதையே ஆய்வு செய்கிறவர்கள். தங்கள் வீட்டு டிராயரைத் தாங்களே திறந்து காட்டியிருக்கிறார்கள்.

அப்போ தெரபி வேஸ்டா?

இல்லீங்க. இதைத்தான் பலரும் அவசரத்தில் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க.

எஃபெக்ட் சைஸை இப்படி மாத்திப் பாருங்க. சிகிச்சை பெறாத குழுவில் சராசரி நிலையில் இருக்கிற ஒருத்தரை எடுத்துக்குங்க. சிகிச்சை பெற்ற 100 பேரில் எத்தனை பேர் அவரைவிட நல்லா இருக்காங்க? பலனே இல்லைன்னா 50 பேர். எஃபெக்ட் சைஸ் 0.52 என்றால் சுமார் 70 பேர். 0.39 என்றால் சுமார் 65 பேர். 70 என்று சொன்னது 65 ஆகியிருக்கு. 50 ஆகலை.

நம்ம நாட்டு உதாரணம் ஒண்ணும் இருக்கு. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரை வைத்து நடந்த சோதனை 2017-ல் லான்செட் ஜர்னலில் வந்தது. சிகிச்சை கொடுத்தவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் ஆட்கள். என்ன அளக்கப் போகிறோம் என்ற திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்து வெளியிட்டும் இருந்தார்கள். மூணு மாதம் கழித்துப் பார்த்தால், சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்வு அளவுகோலில் வேலிக்குக் கீழே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். டிராயருக்கு வேலை வைக்காத ஆய்விலும் பலன் தெரிந்தது.

அதே எண்ணைத் திருப்பியும் படிக்கணும். நல்ல சிகிச்சை, நல்ல ஆய்வு, ஆனாலும் 36 சதவீதம் பேர் மூணு மாதத்தில் அந்த வேலிக்குக் கீழே வரலை.

டிராயர் மட்டும் இல்லை

ஆய்வை மறைப்பது ஒரு வழிதான். 2018-ல் டி வ்ரீஸ் குழு 105 மனச்சோர்வு மருந்துச் சோதனைகளை வைத்து மற்ற வழிகளையும் படிப்படியாகக் காட்டியது. எஃப்.டி.ஏ. கணக்கில் 53 வெற்றி, 52 தோல்வி. தோல்வியில் பாதிக்கும் மேல் வெளியாகலை, 25 மட்டும் வந்தன. இது முதல் படி.

அந்த 25-ல் 10, முதலில் அளப்போம் என்று சொன்ன அளவை விட்டுவிட்டு, நல்லா வந்த வேறொரு அளவை முன்னால் வைத்து வெற்றியாக மாறின. பரீட்சையில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல், தெரிந்த கேள்வியை எழுதி அதற்குப் பதிலும் எழுதி மார்க் வாங்குவது மாதிரி. இது இரண்டாவது படி.

மிச்சம் 15. அதிலும் 5 கட்டுரைகள் சுருக்கத்தில் சிகிச்சை பலன் தருவதாகவே முடித்தன. இன்னும் சில, 'எண்ணிக்கையில் கொஞ்சம் மேல்' என்ற மாதிரி மழுப்பின. இதுக்குப் பேர் ஸ்பின். நாம பெரும்பாலும் அப்ஸ்ட்ராக்ட்டைத் தாண்டிப் போறதில்லை என்பதால் இது நல்லா வேலை செய்யும். கடைசியில், வெளியான 77 கட்டுரைகளில் 'இந்தச் சோதனையில் மருந்து வேலை செய்யவில்லை' என்று மழுப்பாமல் சொன்னவை 4.

நாலாவது படி, சைட்டேஷன். வெற்றிக் கட்டுரைகள் தோல்விக் கட்டுரைகளைவிடச் சுமார் மூணு மடங்கு அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டன. ஆக, தப்பித்து வந்த அந்தச் சிலதும் யார் கண்ணிலும் படாது. ஸ்பின்னும் சைட்டேஷன் சாய்வும் உளவியல் சிகிச்சைக் கட்டுரைகளிலும் இருப்பதை அதே குழு காட்டியது.

இதனால் யாருக்கு நஷ்டம்?

முதலில் சொல்றேன்னு சொன்னது இதைத்தான்.

ஒரு மாணவர் தைரியத்தைத் திரட்டி தெரபிக்குப் போறார்னு வச்சுக்குங்க. எட்டு செஷன் முடியுது. பெரிய மாற்றம் தெரியலை. 'இது எல்லாருக்கும் வேலை செய்யுது' என்று அவர் நம்பியிருந்தால், அடுத்து அவர் மனசில் வரக்கூடிய கேள்வி ஒண்ணுதான்: 'அப்போ பிரச்சினை எங்கிட்டதானா?' மனச்சோர்வு ஏற்கெனவே ஒருத்தரைத் தன்னைத்தானே குற்றம் சொல்ல வைக்கிற வியாதி. வீங்கிய எண் அதுக்கு இன்னொரு ஆதாரத்தைக் கையில் கொடுக்குது. நூறு பேரில் கணிசமானவர்களுக்கு முதல் முயற்சியில் போதிய பலன் கிடைப்பதில்லை என்ற உண்மை அவருக்குத் தெரிஞ்சிருந்தா, 'சரி, வேற முறை, வேற தெரபிஸ்ட், இல்லைன்னா டாக்டர்கிட்ட மருந்து பத்திக் கேட்கலாம்' என்று நகர்ந்திருப்பார்.

இன்னொரு நஷ்டமும் இருக்கு. யாருக்குப் பலன் கிடைக்கலை, ஏன் கிடைக்கலை என்ற தகவல் முழுக்க டிராயரில்தான் கிடக்குது. அதைப் படிக்காமல் அடுத்த சிகிச்சையை எப்படி மேம்படுத்துவது? ஃபெயிலியர் அனாலிசிஸ் இல்லாமல் டிசைன் ரிவிஷன் பண்ணுவீங்களா? அந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் தங்கள் மோசமான நாட்களில் உட்கார்ந்து கேள்வித்தாள் நிரப்பியவர்கள். அடுத்தவருக்காவது உதவட்டும் என்று கொடுத்த நேரம் அது.

சரிபண்ண என்ன நடக்குது?

முதல் வழி, முன்பதிவு. ஆய்வு தொடங்கும் முன்னாலேயே யாரை, எத்தனை பேரை, எதை அளக்கப் போகிறோம் என்று பொதுப் பதிவேட்டில் எழுதிவிடுவது. பதிவு செய்யாத சோதனைகளை ஏற்க மாட்டோம் என்று முக்கிய மருத்துவ ஜர்னல்களின் எடிட்டர்கள் 2005-லிருந்து விதி வைத்தார்கள். இந்தியாவில் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007-ல் தொடங்கியது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம்.

இரண்டாவது வழி, பதிவு அறிக்கை முறை. கேள்வியையும் முறையையும் மட்டும் பார்த்து, தரவு சேர்க்கும் முன்னாலேயே ஜர்னல் ஒப்புதல் கொடுத்துவிடும். முடிவு எப்படி வந்தாலும் பப்ளிஷ் உண்டு. 2021-ல் உளவியல் கட்டுரைகளை ஒப்பிட்டபோது, வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் தங்கள் முதல் யூகம் சரி என்றன. இந்த முறையில் வந்தவற்றில் 44 சதவீதம்தான். டிராயரைப் பூட்டி எடுத்தால் உலகம் எப்படி இருக்கும் என்பதை இந்த வித்தியாசம் காட்டுது.

நம்ம அளவில் செய்ய முடிந்ததும் இருக்கு. 'இந்த ஆப் மனச்சோர்வைக் குறைக்கும்னு ஸ்டடி சொல்லுது' என்று அடுத்த தடவை ரீல்ஸில் பார்த்தால் நாலு கேள்வி கேளுங்க. எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? முன்பதிவு இருக்கா, இருந்தால் அதில் சொன்ன அளவைத்தான் கட்டுரையிலும் சொல்றாங்களா? ஒரே ஆய்வா, இல்லை வெளியாகாதவற்றையும் தேடிச் சேர்த்த தொகுப்பா? கடைசி வருஷ புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் வேலை செய்யாத மாடலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க. அடுத்த வருஷ ஜூனியருக்கு ஆறு மாதம் மிச்சமாகும்.

கடைசியா, இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போ அந்த நிலையில் இருந்தால்: 0.39 என்பது போய்ப் பார்க்கத் தகுந்த எண். முதல் தடவை பலிக்கலைன்னா அது உங்க தோல்வி இல்லை, அந்த 35 பேரின் கதை டிராயரில் இருக்கு, அவ்வளவுதான். அடுத்த வழியைக் கேளுங்க. டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.